லீவர் நியூட்ரல்ல இருந்துச்சு, கியர் இல்ல

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நடுவுல ஒரு சனிக்கிழமை நடந்த விஷயம் மண்டையை விட்டுப் போகமாட்டேங்குது, அதை முதல்ல சொல்லிடுறேன்.

காலேஜ்ல என்கூடப் படிச்ச நண்பனோட ஊர் பழவேற்காடு. அவன் அப்பாவை நானும் அப்பான்னுதான் கூப்பிடுவேன். ஏரியில மீன் பிடிக்கிறவர். பாய் கட்டுற பழைய படகு ஒண்ணு வச்சிருக்கார். ரெண்டு வருஷமா அவருக்கு வலது தோள்பட்டையில பிரச்சினை. கையைத் தூக்க முடியல. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மோட்டாரெல்லாம் இனி ஆகாது. படகை வித்துடலாம்னு வீட்ல பேச்சு வந்தப்போ மனுஷன் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அதனால பசங்க சேர்ந்து கடன் வாங்கி, சாவி போட்டு ஸ்டார்ட் பண்ற புது 15 ஹெச்.பி. அவுட்போர்டும், உட்கார்ந்த இடத்துலயே கியர், ஆக்சிலரேட்டர் ரெண்டையும் ஒரே லீவர்ல பாத்துக்கிற ரிமோட் பாக்ஸும் வாங்கிக் கொடுத்தாங்க.

ரிமோட்னா டிவி ரிமோட் மாதிரி நினைக்காதீங்க. லீவர்ல இருந்து மோட்டார் வரைக்கும் ரெண்டு தடி கேபிள் போகும், அவ்வளவுதான். ஒண்ணு கியருக்கு, ஒண்ணு த்ராட்டிலுக்கு. லீவரை முன்னாடி கொஞ்சம் தள்ளினா முதல்ல கியர் விழும், இன்னும் தள்ளினா வேகம் ஏறும். பின்னாடி இழுத்தா ரிவர்ஸ்.

கடை ஆள் வந்து மாட்டிட்டுப் போனார். ஸ்டார்ட்டே ஆகல. போன் பண்ணா, பேட்டரி மாத்துங்க, அடுத்த வாரம் வர்றேன்னாராம். அடுத்த வாரம் வரைக்கும் நேரம் இல்ல. பழவேற்காட்டு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல யார், எந்த நாள் வலை போடணும்னு ஊருக்குள்ள முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. அப்பாவோட பாடு திங்கட்கிழமை. விட்டா அந்த முறை போனதுதான்.

குத்தம்பாக்கத்துல இருந்து காலையிலேயே பைக்கை எடுத்தேன். அவுட்டர் ரிங் ரோடு, மீஞ்சூர், பொன்னேரி. பையில மல்டிமீட்டரும் மூணு ஸ்பேனரும். மனசுல கர்வம், அது தனி வெயிட்.

முதல் பிரச்சினை சுலபம். பேட்டரியில 12.6 வோல்ட் இருந்துச்சு, அது நல்ல பேட்டரி. சாவியைத் திருப்பினா ஒரு 'டிக்' சத்தம்கூட இல்ல. ஒயரைத் தடவிட்டே போனேன். ரிமோட்ல இருந்து வர்ற கப்ளர் பாதிதான் உட்கார்ந்திருந்துச்சு. அமுக்கினேன், 'க்ளிக்'. சாவியை ஒரு நொடி திருப்பினேன், ஸ்டார்ட்டர் சுத்துச்சு. உடனே நிறுத்திட்டேன், ஏன்னா தண்ணி இல்லாம ஓட்டினா உள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லர் காலி. அப்பா என்னை "இன்ஜினியரே"ன்னு கூப்பிட்டார். அங்கதான் நான் கெட்டேன்.

கரையிலேயே கியரையும் பாத்துடலாம்னு லீவரை ரிவர்ஸுக்கு இழுத்தேன். பாதியில நின்னுடுச்சு, கல்லு மாதிரி. சரி, கேபிள் நீளம் சரியில்லன்னு நானே முடிவு பண்ணேன். மோட்டார் பக்கம் கேபிள் நுனியில மரை போட்ட ஒரு ஜாயிண்ட் இருக்கும். அதைத் திருகித் திருகி நீளத்தை மாத்தினேன். ஒருவழியா ரிவர்ஸ் விழுந்துச்சு. அப்பாடான்னு மூடிட்டேன்.

படகைத் தண்ணியில இறக்கினோம். ஏரி அங்க ஆழமே இல்ல. நண்பனோட அண்ணன் பையன், பன்னெண்டு வயசு, இடுப்பளவு தண்ணியில படகோட பின்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். லீவர் நேரா, நியூட்ரல்ல இருக்கு. சாவியைத் திருப்பினேன்.

படகு பாஞ்சுச்சு.

பக்கத்துப் படகுல போய் இடிச்சு, நான் கீழே விழுந்து, எதைப் பிடிக்கிறதுன்னே தெரியல. அப்பாதான் இடது கையால அந்தச் சிவப்புக் கயிறைப் பிடுங்கினார். மோட்டார் நின்னுடுச்சு. அது கில் ஸ்விட்ச் கயிறு. ஓட்டுறவன் கையில மாட்டியிருக்கணும். நான் பாக்ஸ்லயே சும்மா தொங்க விட்டிருந்தேன்.

பையன் சிரிச்சுட்டு நிக்கிறான். அவனுக்குப் புரியல. படகு முன்னாடி போனதால அவன் கையை விட்டுப் போச்சு. நான் கேபிளை அந்தப் பக்கம் கொஞ்சம் திருகியிருந்தா ரிவர்ஸ்ல போயிருக்கும். ப்ரொப்பல்லர் அவன் காலுக்கு நேரா இருந்துச்சு. எனக்குக் கை நடுங்கி, ஸ்பேனரைத் தண்ணியில போட்டுட்டேன்.

கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆகாம தடுக்க ஒரு ஸ்விட்ச் இருக்கே, அது என்ன பண்ணுச்சுன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் யோசிச்சேன். அந்த ஸ்விட்ச் இந்த மாடல்ல ரிமோட் பாக்ஸ்க்குள்ள இருக்கு. லீவர் எங்க இருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். உண்மையில கியர் எங்க இருக்குன்னு தெரியாது. நடுவுல இருக்கிற கேபிளை நான் கெடுத்து வச்சிருக்கேன். ஸ்க்ரீன்ல 'ஆஃப்'னு காட்டும், சர்வர் ஓடிட்டிருக்கும்ல, அதே கதை. ஆபீஸ்ல இதே தப்புக்கு ஜூனியர் பையனை ஒருதரம் திட்டியிருக்கேன்.

அப்போ முதல்ல ரிவர்ஸ் ஏன் விழல? கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த மோட்டார்கள்ல கியர் விழுறதுன்னா ரெண்டு பல் சக்கரம் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கணும். ஓடாம நிக்கும்போது சிலசமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கும். ப்ரொப்பல்லரைக் கையால கொஞ்சம் சுத்திக்கிட்டே லீவரை இழுத்தா விழுந்துடும். இது மேனுவல்லயே இருக்கு. மேனுவல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அப்பா வீட்டு பீரோ மேல இருந்துச்சு.

திரும்பக் கரையேத்தினோம். சாவியைக் கழட்டி அப்பா சட்டைப் பையில போட்டாச்சு, சிவப்புக் கயிறையும் உருவியாச்சு. கேபிளை மோட்டார்ல இருந்து முழுசா எடுத்தேன். மோட்டார் பக்கம் கியரை நியூட்ரல்ல வச்சு, ப்ரொப்பல்லர் ரெண்டு பக்கமும் லேசாச் சுத்துதான்னு பாத்தேன். லீவரையும் நியூட்ரல்ல வச்சேன். அப்புறம் ஜாயிண்ட்டைத் திருகி, இழுக்காம தள்ளாம ஓட்டை தானா முளையில வந்து உட்காரணும். மரை குறைஞ்சது 8 மில்லிமீட்டர் உள்ள போயிருக்கணும், இல்லன்னா ஒருநாள் கழண்டு வரும். லாக் நட்டை இறுக்கினேன். நண்பன் லீவரைத் தள்ள, நான் ப்ரொப்பல்லரைச் சுத்த, ஒவ்வொரு கியரா பத்துத் தடவை பாத்தோம். இந்த முறை படகைக் கயிறு போட்டுக் கட்டிட்டு, பையனை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணோம்.

நல்லா ஓடுச்சு. இருபது நிமிஷம். நடு ஏரியில இருமிட்டு நின்னுடுச்சு. பெட்ரோல் டியூப்ல இருக்கிற ரப்பர் பல்பு சப்பையா ஒட்டிக் கிடந்துச்சு. நான் மல்டிமீட்டரைத் தேடுறேன், அப்பா ஒண்ணும் பேசாம பாயைக் கட்டி விரிச்சுட்டார், ஒத்தைக் கையால. காத்து நல்லா இருந்துச்சு. கரைக்கு வர்ற வழியிலதான் டேங்க் மூடியில இருக்கிற காத்து ஸ்க்ரூ கண்ணுல பட்டுச்சு. மூடியே இருந்துச்சு. பெட்ரோல் வெளிய போகப் போக உள்ள காத்து வரணும்ல? திறந்தேன், 'உஸ்ஸ்'னு இழுத்துச்சு. ஆனா அப்பா மோட்டாரைப் போட விடல. "இருக்கட்டும் தம்பி, வந்தாச்சே"ன்னார்.

திங்கட்கிழமை விடியக்காலைல போன். "சுத்திப் பாத்துட்டேன் தம்பி, லேசாத்தான் சுத்துது. போடவா?"

சிவப்புக் கயிறைக் கையில மாட்டியாச்சாப்பான்னு கேட்டேன்.

"கையில என்னத்துக்கு, கை வலிக்குது. அரைஞாண் கயித்துல முடிஞ்சிருக்கேன்."