பழைய படகு மோட்டாரில் கீ முறிவதேன்?



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் உச்சியில் கனத்த சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதனை ஃப்ளைவீல் என்கிறோம். அச்சக்கரத்திற்கும் அதனைத் தாங்கும் கிராங்குத் தண்டுக்கும் இடையே விரல் நகத்தளவான உலோகத் துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். பட்டறையில் அதற்குக் கீ என்று பெயர். இதனையும் ஓர் அச்சாணி என்றே பலர் கருதுகின்றனர். அது முறிந்தால் புதியதைப் போடுகின்றனர். அதுவும் முறிந்தால் வேறொன்றைத் தேடுகின்றனர். முடிவில் விற்றவரை நொந்துகொள்கின்றனர். கீ அச்சாணி அன்று. இவ்வொன்றை உணர்ந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது.

இது பொழுதுபோக்குக்கான விஷயமன்று. கேரளக் கரையில் 1980ஆம் ஆண்டுகளில் தொடங்கி நாட்டு வள்ளங்களில் இம்மோட்டார்கள் பெருகின. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது அங்குள்ள வழக்கம். ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலை விசைப்படகுகளுக்கு அங்கே தடை உண்டு; நாட்டு வள்ளங்களுக்கு அத்தடை இல்லை. ஆகவே, கடல் மிகவும் சீறும் பருவத்திலேயே சிறு மோட்டாரை நம்பிச் செல்வோர் பலர். குமரி மாவட்டத்துக் கரையூர்களிலிருந்து கொச்சிக்கும் நீண்டகரைக்கும் தொழில் நாடிச் சென்ற நம்மவர்க்கும் இது அறிந்த செய்தியே. அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அங்கே நகத்தளவுத் துண்டு உயிரளவு பெரிதாகிறது.

இனி, அமைப்பைப் பார்ப்போம். கிராங்குத் தண்டின் மேல்முனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். ஃப்ளைவீலின் நடுத்துளையும் அதே சரிவுடையது. மேலிருந்து நட்டை முறுக்கும்போது ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொள்கின்றன. சுமை முழுவதையும் தாங்குவது இக்கவ்வலே. கீயின் வேலை, சக்கரத்தை உரிய கோணத்தில் அமர்த்துவது மட்டுமே.

கோணம் எதற்கு? சக்கரத்தினுள் காந்தங்கள் பதிந்துள்ளன. பிஸ்டன் மேலே வரும் தருணத்தில் அவை காயிலைக் கடந்தால்தான் பிளக்கில் உரிய நேரத்தில் பொறி எழும். இரண்டு வீச்சு மோட்டார் நிமிஷத்திற்கு 5000 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 83 முறை வெடிப்பு நிகழ்கிறது. 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தண்டின்மேல் சக்கரம் 1 மில்லிமீட்டர் நழுவினாலே நான்கரைப் பாகைக்கு மேல் வேறுபாடு ஏற்படும்.

கவ்வல் தளர்ந்தால், அத்தனை அடியும் கீயின்மேல் விழுகிறது. மென்மையான உலோகமாகையால் அது வெட்டுண்டு போகிறது. அப்போது பிளக்கில் பொறி வரும், எண்ணெயும் வரும், ஆனால் மோட்டார் கிளம்பாது. கிளப்பும் கயிறு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். கார்புரேட்டர் வழியே வெடியோசை கேட்கும். இவை கண்டால் ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

கழற்றுமுன் பிளக் வயரை நீக்கிவிட வேண்டும். தண்டின் முனையைச் சுத்தியால் அடிப்பதும், சக்கரத்தின் விளிம்பில் கம்பியிட்டு நெம்புவதும் ஆகா. சக்கரத்தின் மையத்தருகே உள்ள திருகுத் துளைகளில் புல்லரைப் பொருத்தி இழுத்தால் அது தானே விடுபடும்.

இரண்டு மாதங்களில் மூன்று கீ முறிந்த பழைய மோட்டார் ஒன்றை நாம் இவ்வாறு பிரித்துப் பார்த்தோம். முன்னொரு முறை யாரோ கெட்டியான இரும்பாணியை அரத்தால் ராவிக் கீயாகச் செருகியிருந்தனர். அது முறியவில்லை, ஆனால் அளவுக்கு மிஞ்சிய உயரமுடையதாகையால், சக்கரத்தைக் கூம்பில் அமரவிடாமல் தூக்கி நிறுத்திவிட்டது. நட்டு இறுகியதுபோல் தோன்றியும், கவ்வல் இல்லை. சக்கரம் நுண்ணியதாக அசைந்து அசைந்து கூம்பைத் தின்றுவிட்டது. பின்னர் நல்ல கீயைப் போட்டபோதும் தேய்ந்த கூம்பு கவ்வ மறுத்தது. மூன்று கீயும் முறிந்த கதை இதுவே.

இத்தகைய கூம்பைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு பரப்பையும் தின்னர் கொண்டு நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப் பசை எஞ்சும். ஆகையால் கடைசித் துடைப்புக்கு அது உதவாது. பின்பு தண்டில் பட்டறை நீலத்தை மெல்லப் பூசி, கீ இல்லாமல் சக்கரத்தை அமர்த்தி எடுக்க வேண்டும். நீலம் உட்புறமெங்கும் பரவலாக ஒட்டியிருந்தால் கூம்பு நலம். நாம் பார்த்த மோட்டாரில் மேலோரத்தில் ஒரு வளையமாக மட்டுமே ஒட்டியிருந்தது.

தேய்மானம் சிறிதாயின், வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, கீ இல்லாமலே சக்கரத்தை முன்னும் பின்னும் இலேசாகத் திருப்பிப் பரப்பைச் சீராக்கலாம். பசை கீழே இறங்காதபடி துணியால் மறைக்க வேண்டும். முடிந்தபின் துளியும் எஞ்சாமல் துடைக்க வேண்டும். அளவு மீறித் தேய்த்தால் சக்கரம் தாழ்ந்து காயிலில் உரசும். நடுத்துளையைச் சுற்றி விரிசல் கண்டாலோ, கீ அமரும் பள்ளம் அகன்றிருந்தாலோ அச்சக்கரத்தைக் கழித்துவிடுவதே அறிவுடைமை.

கீயைப் பொறுத்தவரை, மோட்டாரின் மாதிரிக்கு உரியதையே வாங்க வேண்டும். எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. இத்தகைய பழைய மோட்டார்களுக்குக் "கிட்டத்தட்டச் சரி" என்று தரப்படும் துண்டை ஏற்கலாகாது. கெட்டியான எஃகுக் கீயும் வேண்டா. கீ முறிந்தால் சில ரூபாய் நஷ்டம். முறியாத கீ தண்டின் பள்ளத்தையே கிழித்துவிட்டால் மோட்டாரே நஷ்டம்.

அடுத்தது நட்டு. மரை தேய்ந்திருந்தாலோ, வாஷர் விடுபட்டு நட்டு மரையின் அடியில் முட்டினாலோ, கைக்கு இறுக்கம் தெரியும். கூம்புக்கு இறுக்கம் சேராது. சிறு மோட்டார்களில் 40 அடி-பவுண்டு அளவு போதுமானதாயிருக்க, பெரியவற்றில் அது 100ஐத் தாண்டும். ஆகவே கையேட்டில் கண்ட அளவை டார்க் ரெஞ்சு கொண்டே வைக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே பலிக்காது.

இவை யாவும் சரியாக இருந்தும் கீ முறிந்தால், சக்கரத்தைத் திடீரென நிறுத்துவது எது என்று தேட வேண்டும். புரொப்பெல்லர் மரத்திலோ வலையிலோ சிக்கியிருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம், பொறி உரிய நேரத்திற்கு மிக முந்தி எழுந்து தண்டைப் பின்னுக்கு உதைத்திருக்கலாம், பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடியிருக்கலாம். தண்டு சடுதியில் நின்றாலும் கனத்த சக்கரம் ஓட்டத்தை உடனே விடாது. அந்த முரண்பாட்டில் கீ வெட்டுண்ணும்.

படகுப் பெட்டியில் மாற்றுக் கீ ஒன்றும், துடுப்பு ஒன்றும் இருக்கட்டும். மாற்றுக் கீ கரை சேர்வதற்கு உதவும். அது சிகிச்சை ஆகாது. முதல் கீ முறிந்தால் விபத்தென்று கொள்ளலாம். இரண்டாவதும் முறிந்தால் அது மோட்டார் நமக்கு அனுப்பும் ஓலை. மூன்றாவதைத் தேடுமுன் கூம்பைத் துடைத்துப் பாருங்கள்.