தொடக்கப் பள்ளிக்கு வாருங்கள்!



ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள், என்னவாகப் போகிறாய் என்று. டாக்டர் என்பார்கள், நர்ஸ் என்பார்கள். அதோடு சரி. எக்ஸ்ரே எடுப்பவர் எங்கே? லேப் டெக்னீஷியன் எங்கே? முடங்கிய காலை மறுபடி நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் எங்கே? 108 வண்டிக்குள் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாரே, அந்த மருத்துவ உதவியாளர் எங்கே? இவர்களுக்கென்று 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இவர்களின் பெயர்கூடத் தெரியாது.

இந்த வேலைகளைப் பற்றி மருத்துவக் கல்லூரிகள் எப்போது வாய் திறக்கின்றன? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வு அறிவிக்கும்போது! பதினொன்றில் உயிரியல் எடுக்காமல் விட்ட பெண்ணுக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்? 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கெடுக்கிறது. கல்லூரி மட்டும் ஏன் இத்தனை தாமதமாக வருகிறது?

கல்லூரிகள் தொடக்கப் பள்ளிக்கே வர வேண்டும் என்கிறோம். பால்மணம் மாறாத பிள்ளைகளிடம் வேலைப் பேச்சா என்கிறார்கள் சிலர். ஆறாம் வகுப்பிலேயே நீட் பயிற்சி என்று பலகை வைத்துப் பணம் கறக்கிறார்களே, அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? வசதியான வீட்டில் சித்தப்பா டாக்டராக இருப்பார், அத்தை மருந்துக்கடை வைத்திருப்பார். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒரு கிராமத்துப் பள்ளியில் பார்த்தேன். மருத்துவ மாணவி ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பை ஒரு சிறுவன் காதில் மாட்டி, அவன் நெஞ்சிலேயே வைத்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். "அக்கா, ஓடிட்டு வந்து கேக்கட்டுமா?" என்றான். கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடி மூச்சிரைக்க வந்து மறுபடி கேட்டான். "வேகமா அடிக்குது!" என்று கத்தினான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே ஒரு சோதனை செய்துவிட்டான், ஐயா! பக்கத்தில் ஓர் ஆண் செவிலியர் ஒரு சிறுமியின் கையில் கட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் வேலை பொம்பளைங்க வேலை என்று அந்தப் பள்ளியில் இனி எந்தப் பையன் சொல்லுவான்?

ஆனால் ஒன்று. சேர்க்கை நோட்டீஸ் கொடுக்கவும் போட்டோ எடுத்துக்கொள்ளவும் வருகிற கல்லூரிகள் தயவுசெய்து வர வேண்டாம். வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே பள்ளிக்கு வர வேண்டும்.

செலவு பெரிதல்ல. பயிற்சி மருத்துவர்கள் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகிறார்கள்; பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மாதம் ஒரு பிற்பகல் போதும். செவிலியர், பிசியோதெரபி மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போகட்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதைத் தன்னோடு இணைந்த எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டாயப் பணியாக்க வேண்டும். தீர்மானம் எழுதி இந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடுங்கள்!