ஒன்பதாம் வகுப்பே கல்லூரிக்கு நாற்றங்கால்

(நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிக் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். கல்லூரி என்றவுடன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளே நம்மவர் நினைவுக்கு வருகின்றது. அன்றுதான், விண்ணப்பம் எங்கே, கட்டணம் எவ்வளவு, யாரைக் காண்பது என்று தந்தைமார் அலையத் தொடங்குகின்றனர். அவ்வலைச்சல் மூன்றாண்டு பிந்திய அலைச்சல் என்பதே யான் இன்று சொல்ல வந்த பொருள். நாற்றைப் பேணாது விட்டவன் அறுவடைக் காலத்தில் வரப்பில் நின்று வருந்துவதால் பயன் என்னை? ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்புமே கல்லூரிக்கு நாற்றங்கால் என்க.

இதற்குக் காரணம் உண்டு. 1978 ஆம் ஆண்டுக்கு முன் பள்ளியிறுதி வகுப்பைத் தேறியவர் கல்லூரியிலே புகுமுக வகுப்பிற் சேர்ந்து, அங்கே தமக்குரிய பாடப்பிரிவை மேற்கொண்டனர். 1978 இல் மேல்நிலைக் கல்வி தோன்றியபின் அத்தெரிவு பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது. இன்று பதினைந்து வயதுப் பிள்ளை, பத்தாம் வகுப்பு முடித்த சில நாட்களில், தான் பொறியியல் பயில்வதா, மருத்துவம் பயில்வதா, வணிகவியல் பயில்வதா என்பதற்கு வழிவகுத்துக்கொள்கின்றது. அப்போது அதற்குத் துணையாக நிற்பது யாது? ஒன்பதிலும் பத்திலும் அது பெற்ற பயிற்சியன்றி வேறில்லை.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஒருவரையும் தேர்ச்சியின்றி நிறுத்திவைப்பதில்லை. ஆகலின் பின்னங்களிலும் சமன்பாடுகளிலும் உள்ள குறை மறைந்தே கிடக்கின்றது. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதமும், ஆயத்தொலை வடிவியலும், முக்கோணவியலும் வந்து நிற்கும்போது அக்குறை வெளிப்படுகின்றது. உடனே பிள்ளை அஞ்சுகின்றது. பெற்றோரும், "நமக்குக் கணக்கு வராது" என்று ஒத்துப் பாடுகின்றனர். பதினொன்றாம் வகுப்பிற் கணிதமில்லாப் பிரிவில் சேர்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் பொறியியலில் ஆசை பிறக்கின்றது. மேல்நிலைக் கல்வியின் பொதுப் பாடப்பிரிவில் பயின்றோர்க்கு, பொறியியற் கலந்தாய்வின் தரவரிசை கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200 மதிப்பெண்ணைக் கொண்டே அமைகின்றது. கணிதம் பயிலாதவன் அவ்வரிசையில் எங்ஙனம் நிற்பான்? யான் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. கணிதமின்றியும் உயர்ந்த படிப்புக்கள் பல உள. விரும்பி அவற்றை மேற்கொள்வது அறிவுடைமை. அஞ்சி ஓடி அவற்றில் ஒதுங்குவது வேறு.

இவ்வச்சத்திற்கு மருந்து தனிப்பாட வகுப்பு ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். நன்னூலார் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையை வகுத்துள்ளார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் மாணவன் கைக்கொள்வது காற்கூறே. உடன் பயில்வாரொடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அவர் கருத்து. ஆதலின் மாணவர்களே! மாலையில் நால்வர் கூடுங்கள். அன்று கற்ற கணக்கை ஒருவர் மற்றவர்க்கு விளக்குங்கள். விளக்க முடியாத இடமே நீங்கள் அறியாத இடம்.

தமிழ்வழிப் பயில்வோர் பலர் கல்லூரியிற் புகுந்த முதலாண்டில் ஆங்கில நூல்களைக் கண்டு திகைக்கின்றனர். ஒன்பதாம் வகுப்பு முதல் நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்து, அகராதி பார்த்து, அதன் பொருளைத் தமிழில் எழுதிவரின் அத்திகைப்பு நீங்கும். தாய்மொழியில் தெளிவாக எழுத இயலாதவர் பிறமொழியிலும் தெளிவெய்தார். எனவே தமிழை வெறும் மதிப்பெண்ணுக்குரிய பாடமாகக் கருதற்க.

இனிப் பெற்றோர்க்குச் சில சொல்வேன். அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ தனியார் பள்ளிக்கு மாற்றும் வழக்கம் நம்மிடை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 2021 இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விக்கும் விரிந்தது. இடையில் மாற்றுவோர் இவ்வுரிமையை இழப்பர் என்பதை எண்ணிப் பார்த்தே மாற்றுக. எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தெரிவு பெறுவோர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதந்தோறும் ரூ. 1,000 பெறுகின்றனர், அத்தேர்வையும் தவறவிடற்க.

சான்றிதழ்களையும் இப்போதே சீர்செய்க. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் செல்லும்போது முன்னெழுத்தும் பிறந்த நாளும் பிறப்புச் சான்றோடும் ஆதார் அட்டையோடும் ஒத்திருத்தல் வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிழையைப் பின்னர்த் திருத்துவது பெருந்தொல்லை. சாதிச் சான்றும், குடும்பத்தில் பட்டம் பெற்றோர் ஒருவரும் இலராயின் முதல் பட்டதாரிச் சான்றும், காலத்தே பெற்று வைக்கவேண்டியவை.

எல்லாவற்றினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. "கடைக்கு ஆள் வேண்டும்" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் கல்லாவில் அமர்த்துகின்றோம். "இவ்வளவு போதும்" என்று பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துகின்றோம். ஓராண்டு வேலையாளின் கூலி மிஞ்சியது என்று மகிழ்கின்றோம். அப்பிள்ளையின் நாற்பதாண்டு வருவாயும் மதிப்பும் போயினமை எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. பெண் கற்றால் அவள் பெறும் மக்கள் கற்பர். அவளை நிறுத்துவோர் இரண்டு தலைமுறையை நிறுத்துகின்றனர்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கின்றோம், நன்று. ஆயினும் மேடைக்கு வந்தவர் பெரும்பாலும் நம் துணையின்றியும் முன்னேறுவர். மேடைக்கு வாராமலே நின்றுவிட்ட பிள்ளையைத் தேடுவதன்றோ சங்கத்தின் கடமை? மாலைதோறும் சங்கக் கட்டடம் பூட்டியே கிடக்கின்றது. அதனைத் திறந்து, விளக்கேற்றி, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அமரச் செய்க. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் வாரத்தில் இருநாள் வந்து கற்பிக்கட்டும். கற்பிப்பவர்க்கும் அரைக்கூறு கல்வி சேரும் அன்றோ? பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை எந்த வீட்டில் உளதென்று தெருவுக்கொருவர் விசாரித்துத் தெரிவிக்கட்டும்.

இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. ஒரு சாவியும், சில விளக்குகளும், நான்கு இளைஞரின் மனமுமே. வருகின்ற ஆண்டு விழாவிற்குள் இது தொடங்கப்பெறும் என்னும் நம்பிக்கையோடு என் உரையை முடிக்கின்றேன்.