எடிஸ்டன் பாறையின் விளக்கு



‘கரைதல்’ என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்பது பொருள். கலங்களைக் கரையும் விளக்கம் ஆதலின் அதனைக் கலங்கரை விளக்கம் என்றனர் நம் முன்னோர். இன்று யான் சொல்லப்போகும் விளக்கோ, கலங்களை அழைப்பதன்று. “அணுகாதே, விலகிப் போ” என்று எச்சரிப்பது.

இங்கிலாந்தின் தென்கரையில் பிளிமத் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 14 மைல் தொலைவில், கடல் நடுவே எடிஸ்டன் பாறைகள் உள்ளன. அலை பொங்கும் வேளையில் அவை நீரில் மறைந்துவிடும். அவற்றில் மோதி உடைந்த கப்பல்கள் பல.

அங்கு முதன்முதலில் விளக்கேற்றியவர் ஹென்றி வின்ஸ்டன்லி. ஆண்டு 1698. அவர் எழுப்பிய கோபுரம் பல பக்கங்களும் அலங்காரங்களும் உடையது. அதன் உறுதியில் அவருக்கு அளவற்ற நம்பிக்கை. 1703 நவம்பரில் பெரும்புயல் வீசிய இரவில் அவரும் அக்கோபுரத்திலேயே இருந்தார். விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை.

அடுத்து ஜான் ரட்யர்டு என்பார் கப்பல் கட்டும் முறையில் மரத்தாலான கோபுரம் ஒன்றை அமைத்து 1709இல் முடித்தார். வழவழப்பாய்க் கூம்பிய அதன் உடலை அலைகள் வெல்ல இயலவில்லை. ஆயினும் 1755இல் உச்சியில் பற்றிய தீ அதனை விழுங்கிற்று. காவலர்கள் பாறையில் ஒதுங்கி, படகின் உதவியால் மீண்டனர்.

மூன்றாவதாக வந்தவர் ஜான் ஸ்மீட்டன். முன்னோர் இருவரின் தோல்வியையும் அவர் பாடமாகக் கொண்டார். கூம்பிய வடிவம் நன்று, மரம் ஆகாது, கல்லின் கனம் வேண்டும் எனத் தெளிந்தார். அடி பருத்து மேலே சிறுத்து நிற்கும் ஓக் மரத்தை மாதிரியாகக் கொண்டார். ஒரு கல்லின் விரிந்த முனை அடுத்த கல்லின் குழிவில் சிக்கிக்கொள்ளுமாறு கற்களைச் செதுக்கிக் கோத்தார். நீருக்குள்ளும் இறுகும் சாந்து எது எனப் பலவகைச் சுண்ணாம்புகளைச் சோதித்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே அதற்கு ஏற்றதெனக் கண்டார். பிற்காலச் சிமெண்டு ஆராய்ச்சிக்கு அது வழிகாட்டிற்று. 1759 அக்டோபரில் 24 மெழுகுவத்திகள் அங்கே ஒளிர்ந்தன.

அக்கோபுரம் நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் நின்றது. அதன்பின் அதனை ஏன் அகற்றினர்? கோபுரம் தளரவில்லை, அதனைத் தாங்கிய பாறையைக் கடல் அரித்துவிட்டது! ஆதலின் அருகிலிருந்த வேறொரு பாறையில் ஜேம்ஸ் டக்ளஸ் கட்டிய புதிய கோபுரம் 1882இல் ஒளிவீசத் தொடங்கிற்று. 1982 முதல் அங்குக் காவலர் எவரும் இல்லை. விளக்கு தானே இயங்குகின்றது. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேற்பகுதியைப் பிளிமத் மக்கள் பெயர்த்துக் கொணர்ந்து தம் ஊர்க் கடற்கரை மேட்டில் நிறுவினர். அடிப்பகுதியோ இன்றும் அப்பாறையிலேயே நிற்கின்றது.

நெடுங்காலம் விடைத்தாள் திருத்திய ஆசிரியன் யான். தவறிய கணக்கை மறைத்து வைக்கும் மாணவனும் உண்டு; எந்த வரியில் தவறினோம் எனத் தேடும் மாணவனும் உண்டு. வின்ஸ்டன்லி தம் தவற்றைத் திருத்திக்கொள்ளக் கடல் இடம் தரவில்லை. ஆனால் அவர் தவறிய இடத்தைப் பின்வந்தவர் தேடினர். அதனாலேயே எண்ணற்ற மாலுமிகள் உயிருடன் வீடு திரும்பினர். பிறர் தோல்வியை எள்ளி நகையாடாது, ஊன்றிப் படியுங்கள்.