குப்பைக்கு ஈடாகக் காய்கறி: குரிடிபா நகரின் அனுபவம்



நிலைபேறான நகர வாழ்வு என்றதும் சூரிய மின்தகடுகளும் மின்சார வாகனங்களும் செலவு மிகுந்த கட்டடங்களுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. பிரேசிலின் தென்பகுதியில் பரனா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் குரிடிபா, அத்தகைய பெருஞ்செலவு எதுவுமின்றி உலகின் கவனத்தைப் பெற்றது. ஒரே மேயரின் காலத்தில் அங்கு நிகழ்ந்த இரு செயல்கள், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டவை.

கட்டடக் கலைஞரான ஜைமி லெர்னர் 1971ஆம் ஆண்டில் மேயராக நியமிக்கப்பட்டார். அது இராணுவ ஆட்சிக்காலம். மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மறு ஆண்டு, நகரின் முதன்மைக் கடைவீதியை வாகனங்களுக்கு மூடிப் பாதசாரிகளுக்கு உரியதாக்க அவர் முனைந்தார். வணிகர்கள் எதிர்த்தனர். அவர்கள் நீதிமன்றத் தடை பெற்றுவிடக்கூடும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிய பணி, 72 மணி நேரத்தில் வீதியின் முதற்பகுதியில் நிறைவுற்றது. வியாபாரம் குன்றாததைக் கண்ட வணிகர்களே பின்னர் அதனை நீட்டிக்கக் கோரினர். வாகனங்களை மீண்டும் உள்ளே செலுத்தச் சிலர் திட்டமிட்டபோது, நகரசபை வீதியெங்கும் காகிதம் விரித்துச் சிறுவர்களை ஓவியம் தீட்ட அமர்த்தியது.

இந்நிகழ்ச்சி மேடைதோறும் மெச்சப்படுகிறது. எனினும் சட்டம் பயின்றவர் எவரும் இதனை முழுமனத்துடன் பாராட்டுவது அரிது. நீதிமன்றம் திறக்குமுன் முடிக்கப்பட்ட அப்பணி நன்மையாய் அமைந்தது நற்பேறு. தீமையாய் அமைந்திருப்பினும் அதே விரைவில்தான் முடிந்திருக்கும்.

இரண்டாவது செயல் 1989இல் தொடங்கியது. லெர்னர் இம்முறை மக்கள் வாக்கினால் தெரிவாகியிருந்தார். வறியோர் வாழ்ந்த குடிசைப் பகுதிகளின் ஒடுங்கிய சந்துகளுக்குள் குப்பை லொறி நுழைய இயலாது. கழிவுகள் ஓடைகளிலும் வெற்றிடங்களிலும் குவிந்து நோய் பரப்பின. தண்டம் விதித்திருக்கலாம். ஆனால் பாதையே இல்லாத வீட்டாருக்குத் தண்டம் விதிப்பது எவ்வகை நீதி? லொறி நிற்கும் இடத்திற்குக் குப்பையைக் கொண்டுவருமாறு நகரசபை கேட்டது. கொண்டுவந்தவர்களுக்குப் பேருந்துச் சீட்டு வழங்கியது. 1991முதல் உணவுப்பொருளும் கிடைத்தது: மீள்சுழற்சிக்குரிய காகிதம், கண்ணாடி, உலோகம் முதலியவை 4 கிலோ எனில், 1 கிலோ பழமோ காய்கறியோ. அவையும் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் மிகுந்திருந்த விளைச்சலே. இது தருமம் அன்று. கொடுத்தும் பெற்றும் நடந்த நேரிய கைமாற்று. பெற்றுக்கொண்டவர் எவரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

கழிவுகளைத் தரம்பிரிக்கும் வழக்கம் நகரெங்கும் பாடசாலைகள் வழியாகவே பரவியது. ‘குப்பை அல்லாத குப்பை’ என்று அத்திட்டத்திற்குப் பெயர். பிள்ளைகள் வகுப்பில் கற்று, வீட்டில் பெற்றோரைத் திருத்தினர். நகரசபைக் கடிதங்களைப் பிள்ளைகளே வாசித்துக் காட்டும் தமிழ் இல்லங்களுக்கு இது புதுமையன்று. ஆயினும் பிள்ளை வாசித்துச் சொல்வது ஒன்று. வீட்டுத்தலைவி தம் மொழியில் தாமே வாசித்து உணர்வது வேறு.

குரிடிபாவில் 1974முதல் பேருந்துகளுக்கெனத் தனித்தடங்கள் உள்ளன. வேறு நாட்டு நகரங்களும் அவற்றைப் பின்பற்றின. குறைகளும் உண்டு. கார் வைத்திருப்போர் அங்கு மிகுதி. அண்மைய ஆண்டுகளில் பேருந்துப் பயணிகள் குறைந்துள்ளனர். நகர எல்லைக்கு அப்பால் வாழும் ஏழைகளுக்குப் பயன் முழுமையாகச் சென்றடையவில்லை. ஆனால் குப்பைக்குக் காய்கறி வழங்கும் திட்டம் இன்றும் தொடர்கிறது.

எந்தத் தொட்டியில் எதனை இடுவது, பழைய தளபாடங்களை எந்நாளில் வெளியே வைப்பது என்பவை விளங்காத குடியிருப்பாளர்கள் இந்நகரிலும் உள்ளனர். அறிவித்தல் புரியாமலே தண்டம் செலுத்துவோரும் உண்டு. அறிவித்தலின் பொருளைத் தமிழில் விளக்குமாறு கேட்பது சலுகை கோருவதாகாது. தண்டப்பணம் செலுத்திய பின்னர் அன்று, கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே கேட்பது நன்று.