சுவாஹிலியா, ஜூலுவா?



புதிதாக ஒரு மொழி கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எது சுலபம் என்பதைத்தான். ஆப்பிரிக்க மொழி ஒன்றைப் படிக்க நினைத்தால் சுவாஹிலியா, ஜூலுவா? இரண்டும் பாண்டு குடும்பத்து மொழிகள். ஆனால் அமெரிக்கா தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பள்ளியின் கணக்குப்படி சுவாஹிலிக்கு 36 வாரம், ஜூலுவுக்கு 44 வாரம். தமிழுக்கும் அதே 44 வாரம்தான். இது ஆங்கிலம் பேசுகிறவருக்குப் போட்ட கணக்கு. நாம் தமிழிலிருந்து கிளம்புகிறோம். நமக்கு வேறு கணக்கு வேண்டும்.

'நினாகுபெண்டா.' சுவாஹிலியில் இது ஒரே சொல். 'நி' என்றால் நான், 'நா' நிகழ்காலம், 'கு' உன்னை, 'பெண்டா' நேசிப்பது. 'நா' இருந்த இடத்தில் 'லி' வந்தால் நேசித்தேன், 'டா' வந்தால் நேசிப்பேன். வந்தேன், வருகிறேன், வருவேன் என்று காலத்தையும் ஆளையும் வினைக்குள்ளேயே வைத்துப் பேசுகிற நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நாம் தடுமாறப்போகும் இடம் வேறு. 'கிட்டாபு கிசூரி' என்றால் நல்ல புத்தகம். 'விட்டாபு விசூரி' என்றால் நல்ல புத்தகங்கள். பெயர்ச்சொல்லின் தலை மாறினால் அடைமொழியின் தலையும் மாற வேண்டும். தமிழில் 'நல்ல' என்ற சொல் எதற்கும் மாறாது. அதனால் சில மாதங்களுக்கு நாக்கு முரண்டு பிடிக்கும். இப்படிப் பெயர்களைப் பிரிக்கும் வகுப்புகள் பத்துக்கும் மேல்.

இருந்தாலும் சுவாஹிலி எளிது என்றுதான் சொல்வேன். இலக்கணத்தைவிடப் பெரிய காரணம், அதைப் பேசும் மக்கள். தான்சானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. ஜூலியஸ் நைரேரேயின் அரசு 1967இல் தொடக்கப் பள்ளிகளின் பயிற்று மொழியாகச் சுவாஹிலியைக் கொண்டுவந்தது. வீட்டில் ஒரு மொழி பேசி வளர்ந்து, வெளியே வந்து சுவாஹிலி கற்றவர்கள் அங்கே ஏராளம். தாங்களே கற்றுக்கொண்ட மொழி என்பதால், புதிதாகப் பேச வருகிறவரின் திக்கலும் திணறலும் அவர்களுக்குப் பழகிப்போனவை.

ஜூலு அப்படியில்லை. அது தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வீட்டில் பேசும் மொழி. குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் உண்டு. அவற்றைக் கேட்டு மிரள வேண்டாம். பரிதாபப்பட்டு நாம் 'உச்' கொட்டுகிறோமே, அது ஜூலுவில் ஒரு மெய்யெழுத்து. மாட்டை விரட்ட வண்டிக்காரர் கடைவாய்ப் பக்கம் நாக்கைச் சொடுக்குவாரே, அது இன்னொன்று. தவளையைக் குறிக்கும் ஒரே சொல்லில் அது இரண்டு முறை வருகிறது. ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்லுக்கு நடுவே நிறுத்தாமல் அவற்றை எழுப்புவதில்தான் பயிற்சி தேவை.

ஜூலுவை எளிதாக்கிய வரலாறும் ஒன்று உண்டு. நேட்டால் பகுதியில் உருவாகி, கரும்புத் தோட்டங்களிலும் பிறகு சுரங்கங்களிலும் வழங்கிய 'ஃபனகலோ' என்ற கலப்பு மொழி அது. சொற்கள் பெரும்பாலும் ஜூலு. ஆனால் சொடுக்கொலியும் பெயர் வகுப்புகளும் உதிர்ந்துவிட்டன. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி டர்பனில் இறங்கியவர்களின் வழிவந்த பலரும் அதைப் பேசினார்கள். சீக்கிரம் கற்றுவிடலாம். ஆனால் அது முதலாளி வேலையாளை ஏவுவதற்குப் பயன்பட்ட மொழி. அதில் பேசினால் ஜூலு மக்கள் பலருக்கு இன்றும் மனம் புண்படும். அந்தச் சுலபம் நமக்கு வேண்டாம்.

டர்பனில் வாழப்போகிறீர்களா? 44 வாரம் ஆனாலும் முழு ஜூலுவையே படியுங்கள். அப்படி எந்த ஊரும் மனதில் இல்லாதவர்கள் சுவாஹிலியில் தொடங்கலாம். பிறகு ஜூலுவுக்குப் போனால் பழைய முகங்கள் தென்படும்: சுவாஹிலியில் மனிதன் 'ம்டு', ஜூலுவில் 'உமுண்டு', அங்கே மூன்று 'டாட்டு', இங்கே 'தாத்து' என்பதற்கு நெருங்கிய ஒலி. 'உன்னை' என்பதற்கு இரண்டிலும் அதே 'கு'.

எதைத் தேர்ந்தாலும் புத்தகத்தைத் திறக்கும் முன் சில வாரம் காதால் கேளுங்கள். பிபிசியின் சுவாஹிலிச் சேவை 1957 முதல் ஒலிக்கிறது. ஜூலுவுக்கு டர்பனின் உகோசி எஃப்எம் இருக்கிறது. செய்தி, பாட்டு, கால்பந்து வர்ணனை எல்லாம் ஜூலுவிலேயே. இரண்டையும் இணையத்தில் இங்கிருந்தே கேட்கலாம்.