கரி அடுப்பும் சுட்ட சோளமும்



சோளக் கடை போடணும்னு குழுவில் கடன் கேட்டுச் சில பேர் எழுதிக் கொடுத்திருக்கீங்க. வெள்ளானூரில் தள்ளுவண்டியில் சோளம் சுட்டு விற்கிறவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னாங்க.

அடுப்புக்குப் பெரிசா செலவு வேண்டாம். வெல்டிங் பட்டறையில் சொன்னா இரும்புத் தகட்டில் அடிச்சுக் கொடுப்பாங்க. ஒரு ஆள் தூக்குற அளவு போதும். கரிக்கும் சாம்பலுக்கும் நடுவில் கம்பி வரணும், கீழே காத்துப் போக வழி இருக்கணும். சாம்பல் அடைச்சுக்கிட்டா எவ்வளவு விசிறினாலும் கைதான் வலிக்கும்.

கரியில்தான் லாபமும் நஷ்டமும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போடுற சீமைக் கருவேலங்கரி நின்னு எரியும். ரெண்டு துண்டைத் தட்டினா கணீர்னு கேக்கணும். ஈரக்கரி எடையில் காசைத் தின்னும், வெடிச்சுப் புடவையிலும் விழும். அதனால் அடுப்புகிட்ட நிக்கிறப்போ நைலான் புடவை வேண்டாம், பருத்தி கட்டுங்க. பத்த வைக்கத் தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் போதும். பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போடுறதைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். அந்தப் புகை நாம விக்கிற சோளத்து மேலேதானே படியும்!

கரி மேல் சாம்பல் பூத்த பிறகு சோளத்தை வையுங்க. ஜுவாலையில் காட்டினா வெளியே கருகும், உள்ளே வேகாது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். மழை பிடிச்சுக்கிட்டா, தணல் வீணாகக் கூடாதுன்னு அடுப்பை அப்படியே வீட்டுக்குள்ளே தூக்கி வைக்கிற பழக்கம் நம்மில் பல பேருக்கு இருக்கு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் கரி அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்டாங்க. அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கின ரெண்டு பேர் காலையில் எழுந்திருக்கலை. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துக்கும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. தூக்கத்தில் இருக்கிறவங்களுக்கு அதுவும் தெரியாது. “புகையே இல்லையே, அணைஞ்சு போச்சு”ன்னு நினைக்கிற தணலிலிருந்தும் அது வரும்.

குழந்தைக்குச் சாம்பிராணி போடுற கரித் தட்டுக்கும் இதே கணக்குதான். கதவைச் சாத்தி உள்ளே விட்டுட்டுத் தூங்காதீங்க. யாராவது மயங்கிக் கிடந்தா உடனே கதவு ஜன்னலைத் திறந்து, அவங்களை வெளியே கொண்டு வந்து 108-க்குப் போன் பண்ணுங்க.

அப்போ மிச்சத் தணலை என்ன செய்றது? மூடி உள்ள தகர டின்னில் போட்டு இறுக்கி மூடி, வெளியிலேயே வையுங்க. காத்து இல்லாம அணைஞ்சிடும். எரியாத கரி மறுநாளைக்கு ஆகும். ஆறின சாம்பலைத்தான் குப்பையில் கொட்டணும். சாம்பலுக்குள்ளே ரொம்ப நேரம் நெருப்பு ஒளிஞ்சிருக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். ஆவடி மாநகராட்சி எல்லைக்குள் கடை போடுறவங்க, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றும் கேட்டு வாங்குங்க. விண்ணப்பம் எழுதத் தெரியாதவங்க என்கிட்ட வாங்க, சேர்ந்து எழுதலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அடுப்பைக் கொண்டு வரேன். கடன் கேட்டவங்க ஆளுக்கு ரெண்டு சோளம் எடுத்துட்டு வாங்க, வாசலில் வைத்துச் சுட்டுப் பார்ப்போம்.